மாப்ள மாதிரி பேசிக் காட்டினேன்

ஜனவரி 19

மாப்ளே,

நல்லா இருக்கியா? உங்க அக்கா நல்லா இருக்கா. ஆனா அத அவ வாயால சொல்லல. எங்கிட்ட பேசுறதில்ல. தட்ட மேசையில வெக்கிற சத்தத்த வெச்சுத்தான் இன்னிக்குக் கோவம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்குறேன். நேத்திக்கு டம்ளர் கொஞ்சம் மெதுவா வந்துச்சு, சந்தோஷப்பட்டேன். பாத்தா தண்ணி ஊத்தவே இல்ல, காலி டம்ளர்.

போன் பண்ணா நீ எடுக்க மாட்டே. அதான் லெட்டர். உன் ஃப்ரெண்டு, அந்த சோபாக் கடைக்காரர்கிட்ட கெஞ்சி அட்ரஸ் வாங்கினேன். எட்டாங் கிளாஸோட நின்னவன் எழுத்து இது, திட்டிக்கிட்டே படி, ஆனா படி.

நடந்தத நானே சொல்லிடுறேன். நீ பெருசாக்கி மனசுல வெச்சிருப்பே.

உன் பொண்ணு கடல் தாண்டிப் போன எடத்துல ஸ்பானிஷ் பேசுற பையனக் கட்டிக்கப் போறா. சம்பந்தி அம்மாவுக்கு வேற பாஷை வராது. கல்யாண விருந்துல பொண்ணோட அப்பா எழுந்து நாலு வார்த்தை பேசணும்னு அந்தம்மாவுக்கு ஆசை. அதுக்குத்தான் நீ அந்த வியாழக்கிழமை ஸ்பானிஷ் கிளாஸ்ல சேந்தே. நான் எதுக்குச் சேந்தேன்? ரிட்டயர் ஆன கண்டக்டர், வம்பிழுக்க ஆள் வேணும். உன் கூடவே தொத்திக்கிட்டேன்.

டிசம்பர்ல அந்த இழுவைக் காலத்த ஆரம்பிச்சாங்க. "பேசுவேன்தான்... நேரம் இருந்தா", "சாப்பிடுவேன்தான்... பசிச்சா"ன்னு நாம இழுப்போம்ல, அத அவங்க ஒரே வார்த்தையில இழுத்துடுறாங்க. டீச்சர் போர்டுல எழுதினாங்க, அப்லார், கொமேர், பிபீர். பேசுறது, சாப்பிடுறது, வாழுறது. அதுவரைக்கும் படிச்சதுல எல்லாம் வார்த்தையோட வால வெட்டணும், ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வால் ஒட்டணும். இதுல வெட்டே கிடையாது. முழுசா வெச்சு, பின்னாடி ஒரு 'ஈயா'. அப்லரீயா, கொமெரீயா, பிபிரீயா. எந்த ஸ்டாப்ல ஏறினாலும் ஒரே டிக்கெட்டுன்னு நான் கத்தினேன். கிளாஸே சிரிச்சுது. நீயும் சிரிச்சே. அத மறந்துடாத, நீயும் சிரிச்சே.

அப்புறம் வாராவாரம் அதே பாடம்தான். இந்த மாசம் மொத வியாழன் டீச்சர் ஒவ்வொருத்தரா எழுப்பினாங்க. நீ எழுந்தே. 'கொ'ல திக்கி மாட்டிக்கிட்டே. கொஞ்ச நேரம் ஆச்சு, வந்துடுச்சு, உக்காந்தே. அதோட முடிஞ்சுது.

இடைவேளையில நீ பாட்டில்ல தண்ணி புடிக்கப் போனே. எனக்கு வாய் சும்மா இருக்கல. போர்டுகிட்ட நின்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன்ன மாதிரி பேசிக் காட்டினேன். ரெண்டு பேர்தான் சிரிச்சாங்க. திரும்பினா நீ வாசப்படியில நிக்கிறே.

இதுக்குப் போய் நம்ம வீட்டு மாடி ரூமக் காலி பண்ணிட்டு ஊர விட்டே போவாங்களா? மே மாசம் கல்யாணம். கிளாஸ் இன்னும் பாக்கி இருக்கு. வந்துடு. உன் நாற்காலியில பையப் போட்டு எடம் புடிச்சு வெச்சிருக்கேன்.

உன் மாமா


பிப்ரவரி 2

லெட்டர் கெடச்சுது.

ரெண்டு பேர் இல்ல. எல்லாரும். நர்ஸம்மா மேசையில தலைய வெச்சு சிரிச்சாங்க. லாரி டிரைவர் கண்ணத் தொடச்சுக்கிட்டார். டீச்சர் மட்டும் ரூம்ல இல்ல. நீங்க என் கண்ணு இறுக மூடுறத காட்டினீங்க. தொடையில கையத் தட்டுறத காட்டினீங்க. தட்டுறேன்னு எனக்கே தெரியாது. அம்பத்தெட்டு வயசுல அத உங்ககிட்டத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் ஏன் சோபா தைக்கிற வேலைக்குப் போனேன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? சோபாவுக்குத் துணி அடிக்கிறவன் வாயில ஆணியக் கவ்விக்கிட்டு வேலை செய்வான். ஒண்ணு ஒண்ணா நாக்கால தள்ளி காந்தச் சுத்தியல்ல ஒட்டிப்பான். வாயில ஆணி இருக்கறவன யாரும் பேசச் சொல்ல மாட்டாங்க. கஸ்டமர் வந்தா கையக் காட்டுவேன், முதலாளி பேசுவார். நாப்பது வருஷம் அப்படியே ஓட்டிட்டேன்.

அந்தக் கிளாஸ்ல எனக்கு ஒண்ணு நடந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் சேந்து அந்த அட்டவணைய ஒப்பிப்போம்ல, அப்லரீயா, அப்லரீயாஸ், அப்லரீயா, அப்லரீயாமோஸ், அப்லரீயாயிஸ், அப்லரீயான். அதுல எனக்குத் திக்கல. ஒரு எடத்துலயும் திக்கல. கூட்டத்தோட சேந்து சொன்னா வாய் தானா ஓடுது. தனியா எழுந்தாலும் இந்தக் காலத்துல மட்டும் பாதி ஓடும், அந்த 'ரீயா'ன்ற இழுப்பு என்னத் தூக்கிட்டுப் போயிடும்னு கண்டுபிடிச்சு வெச்சிருந்தேன். மத்த நாள் எல்லாம் நடந்துச்சு. அன்னிக்கு 'கொ'ல நின்னுடுச்சு. பரவாயில்ல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு நெனச்சுக்கிட்டேதான் தண்ணி புடிச்சேன்.

கிளாஸ்லேர்ந்து நின்னுட்டேன்னு டீச்சர்கிட்ட சொல்லணுமேன்னு போன் பண்ணேன். யாரோ எடுத்தாங்க. எனக்கு 'ஹலோ' வரல, 'ஹ'ல நிக்குது. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "யாருய்யா அது, கொ-கொ-கொ-கொமெரீயா!"ன்னாங்க. கிளாஸ்ல யாரோ வெளையாடுறாங்கன்னு நெனச்சிருக்காங்க. நான் வெச்சுட்டேன்.

உங்க ஒரே ஒரு தடவை எங்க வரைக்கும் போயிருக்கு பாருங்க.

கல்யாணத்துல நான் பேசல. தொண்டை சரியில்லன்னு பொண்ணுக்கு எழுதிட்டேன். நீங்க இனிமே எழுத வேண்டாம். பைய என் நாற்காலியிலேர்ந்து எடுத்துடுங்க.


பிப்ரவரி 13

மாப்ளே,

எழுத வேண்டாம்னே. எழுதுறேன். திருந்தாத ஜென்மம்னு உங்க அக்கா பேசிட்டு இருந்த காலத்துலயே சொல்லியிருக்கா.

போன வியாழன் கிளாஸுக்குக் கொஞ்சம் முன்னாடியே போனேன். கீழ டீக் கடை இருக்குல்ல, அங்க கப் கழுவுறவர் என்னப் பாத்ததும் கைய ஆட்டி, "வாங்க அண்ணே, கொ-கொ-கொமெரீயா"ன்னார். அவர் நம்ம கிளாஸே இல்ல மாப்ளே. ஸ்பானிஷ்னா என்னன்னே தெரியாது. படியில நர்ஸம்மா, அவங்களும் அதேதான். வணக்கம் சொல்ற மாதிரி சொல்றாங்க. நான் பெத்த புள்ள மாதிரி அது எல்லார் மடியிலயும் உக்காந்திருக்கு.

மொதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? எழுதவே கூசுது. பெருமையா இருந்துச்சு. ஒரு நிமிஷம். நாம பண்ணது ஊரெல்லாம் ஓடுதேன்னு. அப்புறம்தான் உன் போன் ஞாபகம் வந்துச்சு, படியிலயே உக்காந்துட்டேன். மூட்டு வலியான்னு நர்ஸம்மா கேட்டாங்க.

மேல போய் எழுந்து நின்னு சொன்னேன். நீங்க எல்லாம் சிரிக்கிற அந்த ஆள் என் மச்சினன். என் பொண்டாட்டி கூடப் பொறந்தவன். அவன் உங்க சிரிப்ப போன்ல கேட்டான்னேன். யாரும் நிமிரல. லாரி டிரைவர் தொப்பியக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டார், ஏதோ எழவு வீட்டுக்கு வந்த மாதிரி. டீச்சர் சாக்பீஸ கையில உருட்டிட்டு, சரி ஒப்பிப்போம்னாங்க. அப்லரீயா நல்லாப் போச்சு. கொமெரீயா வந்துச்சு பாரு, ஒருத்தர் வாயும் தொறக்கல. அந்த வார்த்தையவே கெடுத்துட்டேன் மாப்ளே. இனிமே அந்தக் கிளாஸ்ல யாரும் ஸ்பானிஷ்ல சாப்பிட முடியாது.

ரெண்டு பேர்னு உங்கிட்ட பொய் சொன்னேன். உனக்குத் தெரிஞ்சே போச்சு.

ஒண்ணு யோசிச்சேன். கேளு. கூட்டத்தோட சேந்து சொன்னா திக்கலன்னு எழுதியிருந்தே. அப்போ நானும் கல்யாணத்துக்கு வரேன். நீ எழுந்து நில்லு, நான் பக்கத்துல நிக்கிறேன். ரெண்டு பேரும் சேந்தே சொல்லுவோம். நீ எங்க மூச்சு விடுவே, எந்த எழுத்துல நிப்பே, எனக்கு அத்துப்படி. உன்ன எனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்?

மேல எழுதினதத் திரும்பப் படிச்சேன். எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சா கடைசி வரிய அடிச்சிடலாமான்னு இருக்கு. இருக்கட்டும், அடிச்சா கண்ணுல இன்னும் பெருசா தெரியும்.

பையை எடுத்துட்டேன். நாற்காலி காலியா இருக்கு.

மாமா


பிப்ரவரி 25

நீங்க வர வேண்டாம். பக்கத்துல நீங்க நின்னா எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க. எப்பவும் அப்படித்தான். என் கல்யாணத்துலயே ஃபோட்டோ எடுக்குறவர் உங்க பக்கம்தான் திரும்பியிருந்தார். பாதிப் படத்துல நான் தோள் மட்டும்தான்.

ஆனா ஒண்ணு பண்ணலாம். பொண்ணு பதில் போட்டிருக்கா. "தொண்டைன்னு பொய் சொல்லாதப்பா, உன் லெட்டர்ல தொண்டைன்ற வார்த்தைய மட்டும் அழுத்தி எழுதியிருக்கே"ன்னு. அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு. எம்மேல கோவம் இல்ல. "நம்ம வீட்டு சார்பா யாராவது ஒருத்தர் எழுந்து பேசினா போதும், அவங்க அம்மா ரொம்ப எதிர்பாக்குறாங்க"ன்னு எழுதியிருக்கா. ஒருத்தர்னு எழுதிட்டா, அப்பான்னு எழுதல. அத எத்தன வாட்டிப் படிச்சேனோ.

அதனால நீங்க போங்க. எனக்கு பதிலா. உங்களுக்குப் பேச்சு வரும். நான் எழுதி வெச்சத இத்தோட அனுப்புறேன், மனப்பாடம் பண்ணிக்கோங்க. ஸ்பானிஷ் பேப்பர் தனியா இருக்கு. நம்ம பாஷையில இதுதான்.

உங்க கூட நான் நிறைய பேசுவேன்.
உங்க சமையல் ரூம்ல உக்காந்து சாப்பிடுவேன்.
உங்க பையனுக்கு சோபா தைக்கக் கத்துக் குடுப்பேன்.
என் பொண்டாட்டி இருந்திருந்தா உங்க கூடப் பாடுவா.
என் அக்கா புருஷன் உங்கள வயிறு வலிக்க சிரிக்க வெப்பார், உங்களுக்கு அவரப் புடிக்கும்.
உங்க பக்கத்து வீட்டுல வாழ்வேன்.

எல்லாம் அந்த இழுவைக் காலந்தான், கவனிச்சிருப்பீங்க. எழுதி எழுதிச் சொல்லிப் பாத்தப்ப அதுல மட்டும்தான் எனக்கு வாய் ஓடுச்சு. அதனால செஞ்சது எதையும் அவங்ககிட்ட சொல்ல முடியல. இந்தப் பொண்ண நான் தனியா வளத்தேன், காய்ச்சல்ல தோள்லயே தூங்க வெச்சேன், அதெல்லாம் இறந்த காலம், அதுல எனக்கு மொதல் எழுத்தே வராது. செய்வேன்னு இருக்கறத மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. உள்ள மரச் சட்டத்துல கை வெக்காம மேல துணி மட்டும் போத்தின சோபா மாதிரி இருக்கு இது. ஆனா உக்கார முடியும்.

அஞ்சாவது வரி ஜனவரிக்கு முன்னாடி எழுதினது. வேணும்னா எடுத்துடுங்க. வேணும்னா எந்திரிச்சு என் மாதிரியே பேசிக் காட்டுங்க, பொண்ணோட அப்பாவ அவங்க பாத்த மாதிரியும் இருக்கும்.


மார்ச் 9

மாப்ளே,

கடைசி வரி நல்லா எறங்குச்சு. நான் வாங்க வேண்டியதுதான்.

உன் பேப்பர எடுத்து மேசையில வெச்சு சத்தம் போட்டுப் படிச்சேன். நல்ல கண்டக்டர் கொரல்ல, கடைசி சீட்டு வரைக்கும் கேக்குற மாதிரி. உங்க அக்கா துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. அஞ்சாவது வரிக்கு வந்தேன். "நிறுத்துங்க"ன்னா. இத்தன நாளைக்கு அப்புறம் எங்கிட்ட அவ பேசின மொத வார்த்தை அதுதான். நிறுத்திட்டேன். அவ மடிச்ச துணிய எல்லாம் பிரிச்சு மறுபடி மடிச்சா.

நான் போக மாட்டேன்.

போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நல்லாப் பேசிடுவேன். அதான் பயம். ஒரு வரிக்கு ஒரு தடவை கைதட்டு வாங்குவேன். சம்பந்தி அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவாங்க. உன் வார்த்தைய வெச்சுக்கிட்டு நான் மாலை வாங்கிட்டு வருவேன். உன் பொண்ணு நாற்காலியில உக்காந்து, அப்பா எடத்துல நான் நிக்கிறத பாப்பா. வெளிய சிரிச்சுக்குவா. அவளும் உன்ன மாதிரிதான், நாலு பேர் முன்னாடி முகத்த மாத்திக்க மாட்டா. எனக்கு அது வேண்டாம் மாப்ளே. ஒரு தடவை உன் வாய உங்கிட்டேர்ந்து எடுத்து ஆட்டம் காட்டிட்டேன். மறுபடியும் எடுக்கச் சொல்றியே.

உன் பொண்ணுக்கும் எழுதிட்டேன். தொண்டை இல்லம்மா, நாந்தான் காரணம்னு. என்ன பண்ணேன்னு முழுசா எழுதினேன். கண்ண மூடினது, தொடையில தட்டினது எல்லாம். எழுதும்போது, கொஞ்சம் கொறச்சு எழுதலாமேன்னு கை ஆசைப்பட்டுச்சு. கொறைக்கல. உனக்குக் கோவம் வரும், உன்னக் கேக்காம எழுதினதுக்கு. வரட்டும்.

நீ போய் எழுந்து நின்னு, ஒரு வார்த்தையும் வராம உக்காந்தாக் கூட அவளுக்குப் போதும். நான் ஒரு மணி நேரம் பேசினாலும் போதாது. இது கிண்டல் இல்ல.

அஞ்சாவது வரிய நீயே எடுத்துடு. என் கையால அத அடிக்க முடியல. அப்படியே திருப்பி அனுப்புறேன்.

மாமா


மே 27

மாமா,

பொண்ணு வீட்டுலேர்ந்து எழுதுறேன். கல்யாணம் முடிஞ்சுது. நான் வந்தது அக்காவுக்குத் தெரியும், உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்.

உங்க லெட்டர் அவளுக்குப் போனதுல எனக்குக் கோவந்தான். அவ அத எனக்கு அனுப்பி வெச்சா, பக்கத்துல ஒரே ஒரு வரி எழுதி. "வா அப்பா, திக்கினா திக்கட்டும்." அதுக்கு மேல வராம இருக்க எனக்குக் காரணம் கெடைக்கல.

விருந்து ஒரு நீட்டு மேசை. ரெண்டு பக்கமும் அவங்க ஆளுங்க. நம்ம பக்கம் நான் ஒருத்தன். மாப்பிள்ளப் பையன் கரண்டியால கண்ணாடி டம்ளர்ல தட்டினான், எல்லாரும் அமைதியாகிட்டாங்க. எழுந்தேன். மொத வார்த்தை 'மே குஸ்தரீயா', பேப்பர்ல அப்புறமா சேத்தது. எனக்கு ஆசைன்னு அர்த்தம். 'மே'ல உதடு ஒட்டிக்கிச்சு. ஒட்டினது ஒட்டினதுதான். யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா கூடத் தேவல. சம்பந்தி அம்மா என்னப் பாத்து தலைய ஆட்டி ஆட்டி இரக்கமா பாத்தாங்க, கொழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நாமளும் வாயத் தொறப்போம்ல, அப்படி வாயத் தொறந்துக்கிட்டு. பொண்ணு தட்டப் பாத்துக்கிட்டு இருந்தா. என் கை தொடையில தட்டுது. தட்டுறது இப்ப எனக்குத் தெரியுது, உங்க புண்ணியம்.

எனக்கு உங்க மேல அப்படி ஒரு கோவம் வந்துச்சு. இந்த மனுஷன் இங்க இருந்தா எப்படி நிப்பார்னு நெனச்சேன். நெனச்சதும் நின்னேன். ஒரு கை இடுப்புல, தொந்திய முன்னாடி தள்ளி, தாடையத் தூக்கி, பஸ் படியில நின்னு கூட்டத்தப் பாக்குற மாதிரி மேசை முழுக்க ஒரு பார்வை. மூக்கால ஒரு மூச்சு இழுத்து, "மே குஸ்தரீயா!"

வந்துடுச்சு மாமா. உங்க கொரல்ல.

அப்லரீயா, கொமெரீயா, எல்லாம் வந்துச்சு. ஒரு வரி முடிஞ்சா மேசைப் பக்கவாட்டுல டமடமன்னு தட்டினேன், வண்டி போகட்டும்னு நீங்க தட்டுவீங்களே அது மாதிரி. அவங்களுக்கு என்ன ஏதுன்னு புரியல, ஆனா சிரிச்சாங்க. நல்லா சிரிச்சாங்க. பொண்ணு மொதல்ல வாயப் பொத்திக்கிட்டா. அவளுக்கு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அஞ்சாவது வரியும் சொன்னேன். என் அக்கா புருஷன் உங்கள சிரிக்க வெப்பார்னு உங்க கொரல்லயே சொன்னேன். பொண்ணு மேசை மேல கவுந்துட்டா.

கடைசி வரிக்கு வந்தப்ப அத உங்க வாயால சொல்ல மனசு வரல. கைய இடுப்புலேர்ந்து எடுத்துட்டேன். பிபிரீயான்னு என் வாயால சொன்னேன். நேரம் ஆச்சு. 'பி'லயே ரொம்ப நேரம் நின்னேன். அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. சொல்லி முடிச்சுத்தான் உக்காந்தேன்.

இதுல நல்லது இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா நான் எழுதுறது அதுக்கில்ல. மறுநாள் காலையில சம்பந்தி அம்மா டீ கொண்டாந்து வெச்சாங்க. வெச்சுட்டு, கைய இடுப்புல வெச்சு, வயித்தத் தள்ளி, மூக்கால "மே குஸ்தரீயா"ன்னாங்க. வீடே சிரிச்சுது. மாப்பிள்ளையோட தங்கச்சியும் பண்ணுது. அவங்க யாரும் உங்களப் பாத்ததே இல்ல மாமா. உங்கள ஒரு தொந்தியா, ஒரு மூக்குக் கொரலா மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். நான் அப்படி ஆக்கிட்டேன்.

எனக்கு முகம் எரிஞ்சுது. நீங்க பண்ணது வேற, நான் பண்ணது வேறன்னு எனக்கு நானே சொல்லிப் பாக்குறேன். நீங்க சும்மா பண்ணீங்க, நான் மாட்டிக்கிட்டுப் பண்ணேன். பாதி நம்புறேன். மீதிப் பாதிக்குத்தான் இந்த லெட்டர். நீங்க இல்லாத எடத்துல உங்கள வெச்சு சிரிக்க வெச்சேன். எனக்கு வெக்கமா இருக்கு.

நீங்க மூக்கால பேசுவீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா, மன்னிக்கணும்.


ஜூன் 8

மாப்ளே,

தெரியாது.

லெட்டரப் படிச்சுட்டு உங்க அக்காகிட்ட கேட்டேன், "ஏம்மா, நான் மூக்காலயா பேசுறேன்?"னு. "இப்பத்தான் தெரியுமா?"ன்னா. கல்யாணமான நாள்லேர்ந்து ஒருத்தி இத வாய்க்குள்ளயே வெச்சிருக்கா பாரு. நீ தொடையில தட்டுறத நான் சொல்லாம இருந்திருக்கலாம். அவளால முடிஞ்சிருக்கு.

பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு தனியா பேசிப் பாத்தேன். "டிக்கெட், டிக்கெட், உள்ள போங்க." ஆமா, மூக்குதான். காது சுட்டுச்சு. இத்தன வருஷமும் பஸ்ல ஏறின எத்தன பேர எறங்கினதும் பேசிக் காட்டியிருக்கேன். நொண்டி நடக்குறவர், எச்சி தெறிக்கப் பேசுற வக்கீல், பேத்தியத் திட்டிக்கிட்டே வர்ற அந்தப் பெரியம்மா. அவங்க எல்லாம் எறங்கிப் போனவங்க. போனவங்க சிரிக்கிறவங்களத் திரும்பிப் பாக்க மாட்டாங்கன்றதுதான் என் தைரியம். நீ ஒருத்தன்தான் பாட்டிலோட திரும்பி வந்தே.

வியாழக்கிழமை கிளாஸ்ல என் முறை வந்துச்சு. எழுந்தேன். வாயத் தொறந்ததும் என் மூக்கு எனக்கே கேக்குது. பாதியில நின்னுட்டேன். டீச்சர் உடம்பு சரியில்லையான்னாங்க. சரியில்லன்னு உக்காந்துட்டேன். தொண்டைன்னு சொல்லல, அது உன் பொய்.

சம்பந்தி அம்மா இடுப்புல கை வெச்சு நின்னாங்கன்னு எழுதினியே, அத நாலு தடவை படிச்சுட்டேன். சிரிப்பும் வருது, எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கணும் போலவும் இருக்கு. உன் மேல கோவம் வருமான்னு தேடிப் பாத்தேன், வரல. நீ மாட்டிக்கிட்டுப் பண்ணே. நான் எதுலயும் மாட்டிக்கல மாப்ளே. நீ தண்ணி புடிக்கப் போனே, அவ்வளவுதான். அந்த நேரத்துல கைதட்டு வாங்க எனக்கு வேற எதுவும் கையில இல்ல.

நீ அங்கேர்ந்து நேரா இங்க வா. மாடி ரூம் இருக்கு, உங்க அக்கா பெருக்கி வெச்சிருக்கா, எனக்காக இல்ல. அவ நீ பேசினத கேக்கணும்ன்றா. நான் பேசுற மாதிரி நீ பேசுறத. அத நான் இல்லாதப்ப பண்ணிக் காட்டாத. நான் உக்காந்திருக்கும்போது பண்ணு, என் முகத்தப் பாத்துக்கிட்டே பண்ணு. அவ சிரிக்கட்டும், உனக்கும் சிரிப்பு வந்தா சிரி. நான் வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தா மூக்குதான் வரும்.

இதுவரைக்கும் எழுதின எந்த லெட்டர்லயும் ஒரு வார்த்தைய நான் எழுதல. நீ கவனிச்சிருப்பே. நீ முந்திக்கிட்டு எழுதிட்டே, அதுவும் என் மூக்குக்காக.

மன்னிச்சுடு மாப்ளே.

இதுக்குக் கீழ ஒரு கிண்டல் எழுதினேன். அடிச்சுட்டேன். வெளிச்சத்துல தூக்கிப் பாக்காத.

மாமா